டிராகன் முட்டையும் கம்பளித் தொப்பியும்: கைவினைப் பரிமாற்றக் கேள்வி பதில்

முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் கைப்படச் செய்த பரிசை அனுப்பிவிட்டு, நமக்கென ஒருவர் செய்ததைப் பெற்றுக்கொள்ளும் கைவினைப் பரிமாற்றங்களில் மாயாஜாலக் கற்பனை உலகம் என்னும் கருப்பொருளுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. குறுவாள், டிராகன் முட்டை, மந்திரக் குப்பி போன்ற மாதிரிப் பொருள்களைப் பற்றியும், அவற்றோடு சேர்த்து அனுப்பும் பின்னல் பரிசுகளைப் பற்றியும் வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலரும் எழுப்பியிருந்ததால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு ஒதுக்கப்பட்டவர் தம் விருப்பப் படிவத்தில் ‘டிராகன், மாயாஜாலம், பச்சை நிறம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: மூன்று சொற்களையும் ஒன்றாகக் கோத்து ஒரு பச்சை டிராகன் பொம்மை செய்யலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அவர் முன்பே இத்தகைய பரிமாற்றங்களில் கலந்துகொண்டவர் என்றால், அப்படிப்பட்ட பொம்மை ஒன்று அவருடைய அலமாரியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கக்கூடும். டிராகனைச் செய்வதை விட, டிராகனோடு வாழ்ந்த ஒருவருடைய உடைமைகளைச் செய்வது எனக்கு நல்ல வழியாகப் படுகிறது. டிராகன்களைப் பராமரிப்பவர் அணியும் கையுறை எப்படி இருக்கும், அதன் எந்த விரல் கருகியிருக்கும், உதிர்ந்த செதில்களை அவர் எந்தப் பெட்டியில் சேர்த்து வைப்பார், முட்டை பொரிந்த நாளை எந்த ஏட்டில் குறிப்பார் என்று யோசிக்கத் தொடங்கினால், பின்னலுக்கும் மாதிரிப் பொருளுக்கும் ஒருசேர இடம் கிடைத்துவிடும்.

அதற்கு முன்பு, ஒருங்கிணைப்பாளர் வழியாகச் சில கேள்விகளைக் கேட்டு அனுப்புங்கள். பரிசை அணிய விரும்புகிறாரா அல்லது காட்சிக்கு வைக்க விரும்புகிறாரா, கம்பளி உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா, வீட்டில் சிறு குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ உண்டா, இனி வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ஏற்கெனவே எதைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்பவை போதும். இவற்றுள் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை; ஆனால் மிகப் பயனுள்ள விடை அதற்குத்தான் கிடைக்கும்.

கேள்வி: ஒன்றரை அடி நீளமுள்ள குறுவாள் ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். எடை குறைவாகவும், பார்ப்பதற்கு உலோகமாகவும் இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அளவிலிருந்து தொடங்குங்கள். ஒரு படத்தைப் பார்த்துச் செய்வதாக இருந்தால், அந்தப் படத்தில் வாளைப் பிடித்திருக்கும் கையை முதலில் பாருங்கள். பெரியவர்களின் உள்ளங்கை, கட்டை விரலை விட்டுவிட்டு, ஏறக்குறைய 8 முதல் 9 செ.மீ. அகலம் இருக்கும். படத்தில் உள்ள கையின் அகலத்தை அளவுகோலாக வைத்துக் கைப்பிடி, கைக்காப்பு, அலகு ஆகியவற்றின் நீளங்களைக் கணக்கிட்டு, முழு அளவில் காகிதத்தில் வரைந்து வெட்டி, கையில் பிடித்துப் பார்த்த பிறகே பொருளைத் தொடுங்கள். மாதிரிப் பொருள் பொம்மையாகத் தோன்றுவதற்கு வண்ணத்தை விடக் கைப்பிடியின் தடிமனே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

பொருள் என்று பார்த்தால், ரப்பர் போல வளையும் எடை குறைந்த நுரைத் தகடான ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட் தான் இதற்கு ஏற்றது. 5 மி.மீ. தடிமனுள்ள இரண்டு துண்டுகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய மரக்குச்சியையோ கண்ணாடியிழைக் கம்பியையோ வைத்து ஒட்டினால் அலகு துவளாது. ஒட்டுவதற்குக் காலணிப் பழுதுபார்ப்பில் பயன்படும் ரப்பர் பசையை இரு பக்கங்களிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்த பின் நகர்த்தித் திருத்த முடியாது என்பதால் நடுக்கோட்டை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். புதிய கத்தியால் அலகின் ஓரங்களைச் சரிவாகச் சீவி, உப்புத்தாளால் தேயுங்கள். ஃபோம் தூளுக்கு முகக்கவசமும், பசையின் ஆவிக்குத் திறந்த சன்னலும் தேவை.

அடுத்து வருவது பலரும் அவசரத்தில் விட்டுவிடும் வேலை. ஃபோமின் மேற்பரப்பு முழுவதும் நுண்துளைகள் இருப்பதால், அப்படியே வண்ணம் பூசினால் அது உறிஞ்சப்பட்டுச் சொரசொரப்பாகக் காய்ந்து, உலோகம் என்ற எண்ணத்தையே கெடுத்துவிடும். வெப்பக் காற்றுத் துப்பாக்கியை ஓரிடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழுமாகக் காட்டினால், மேற்பரப்பு லேசாக மினுமினுத்துத் துளைகள் மூடிக்கொள்ளும். அதன் மேல், வளைந்தாலும் வெடிக்காத ப்ரைமர் என்னும் அடிப்பூச்சை மெல்லிய பூச்சுகளாக மூன்று நான்கு முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள்.

வண்ணத்தில் முதல் அடுக்கு கறுப்பாக இருக்கட்டும். அது காய்ந்ததும் வெள்ளி நிற அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையில் எடுத்து, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, எஞ்சியிருக்கும் கொஞ்சத்தை மேடான இடங்களிலும் ஓரங்களிலும் மட்டும் படுமாறு தேயுங்கள். பிறகு கருமையும் பழுப்பும் கலந்த, நீர்த்த வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேட்டில் நின்றதைத் துடைத்துவிடுங்கள்.

பழமையான தோற்றம் வேண்டுமென்றால், நீங்கள் காட்ட நினைக்கும் உலோகம் உண்மையில் எப்படி மூப்படையும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரும்பில் செம்பழுப்புத் துரு படியும். அதுவும் நீர் தேங்கும் மூட்டுகளில்தான் தொடங்கும். செம்பிலும் வெண்கலத்திலும் நீலப்பச்சைக் களிம்பு பிடிக்கும். வெள்ளி கறுக்கும். தங்கம் எதுவும் ஆகாது. தங்கக் கைப்பிடியில் துருவைப் பூசிய குறுவாள்களை அடிக்கடி பார்க்க நேர்கிறது; எவ்வளவு நுட்பமாக வேலை செய்திருந்தாலும் அந்த ஒன்று கண்ணை உறுத்திவிடும். அதே போல, கை படும் இடம் பளபளப்பாகவும் கை எட்டாத இடம் மங்கலாகவும் இருப்பதுதான் இயல்பு. முழுப் பொருளையும் ஒரே சீராக அழுக்காக்கினால் அது பழையதாகத் தோன்றாது, கழுவப்படாததாகவே தோன்றும்.

கேள்வி: கைப்பிடியில் பதிக்கும் கற்களையும் சிறு டிராகன் தலையையும் பாலிமர் களிமண்ணில் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் தனியாகச் செய்து, சுட்டு, ஆறிய பிறகு ஃபோமில் ஒட்டுங்கள். ஃபோமோடு சேர்த்து அடுப்பில் வைத்தால் ஃபோம் உருக்குலைந்துவிடும். சுடும் வெப்பம் பொதி உறையில் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான வகைகளுக்கு அது 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் அமையும். நேரத்தைத் தடிமனைப் பொறுத்துக் கணக்கிட வேண்டும். பல வகைகளில் 6 மி.மீ. தடிமனுக்கு இத்தனை நிமிடம் என்று குறித்திருப்பார்கள். ஓவனின் முகப்பில் காட்டப்படும் வெப்பமும் உள்ளே இருக்கும் வெப்பமும் வேறுபடுவது சாதாரணம் என்பதால், தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். இந்தக் களிமண்ணின் அடிப்படை பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் ஆகையால் கருகும் அளவுக்குச் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் எரிச்சலூட்டும் வாயு வெளிப்படும். போதிய நேரம் சுடாமல் விட்டதோ உறுதியின்றி உதிரும். அஞ்சலில் போகும் பொருளுக்கு அது பெரிய குறை.

கேள்வி: தெர்மாகோல் முட்டையில் டிராயிங் பின் குத்தி டிராகன் முட்டை செய்யும் முறையில், நகப்பூச்சு பட்டவுடன் தெர்மாகோல் குழிந்துவிட்டது. ஏன்?

பதில்: நகப்பூச்சில் உள்ள கரைப்பான்கள் தெர்மாகோலைக் கரைத்துவிடும், பல ஸ்ப்ரே பெயின்ட்டுகளும் அப்படியே. பின்களை ஓர் அட்டையில் குத்தி நிறுத்தி, தலைகளுக்கு நகப்பூச்சு தடவி, ஒரு நாள் முழுதும் காயவிட்டுப் பிறகு முட்டைக்கு மாற்றுங்கள். தெர்மாகோலின் வெண்மை இடைவெளிகளில் எட்டிப் பார்க்காமல் இருக்க, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை முன்கூட்டியே பூசிவிடலாம். முட்டையின் அகன்ற அடியின் நடுவில் முதல் பின்னைக் குத்தி, சுற்றுச் சுற்றாக மேலேறி வாருங்கள். ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் தலைகளைச் சிறிது மூடும்போது, ஓட்டுக் கூரையில் அடுக்கியதைப் போன்ற செதில் ஒழுங்கு தானாக அமையும். நடுப்பகுதிக்கு ஒரு நிறமும் நுனிக்குச் சற்று அடர்ந்த நிறமும் வைத்துக்கொண்டால் உயிரோட்டம் கூடும். ஒவ்வொரு பின்னின் கூரிலும் துளி வெள்ளைப் பசை தொட்டுக் குத்துவது அவசியம். குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டுக்கு இந்த முட்டையை அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: தலையின் அளவு தெரியாத ஒருவருக்குத் தொப்பி பின்னுவது எப்படி? கண்ணிகளை எண்ணிப் பார்ப்பதற்கான சிறு மாதிரியை, அதாவது அளவுத் துண்டை, பின்னிப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: தலையின் அளவு தெரியாதபோதுதான் அளவுத் துண்டு இன்னும் அவசியமாகிறது, தெரியாதவை இரண்டாக இருந்தால் கணக்கே போட முடியாது. பெரியவர்களுள் பெரும்பாலோரின் தலைச்சுற்றளவு 54 முதல் 59 செ.மீ. வரை இருக்கும். பின்னல் துணி இழுபடும் தன்மை கொண்டது என்பதால், தொப்பி தலையை விடச் சில செ.மீ. சிறியதாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். ஆகவே விளிம்பில் நன்றாக இழுபடும் வரிவரியான ரிப் பின்னல் வைத்து, 50 செ.மீ. சுற்றளவும் 20 முதல் 22 செ.மீ. ஆழமும் கொண்ட தொப்பியைப் பின்னினால் பெரும்பாலான தலைகளுக்குப் பொருந்திவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் அளவுத் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்) இருந்தால், 50 செ.மீ.க்கு 110 கண்ணிகள் வேண்டும். செதில் வடிவம் 8 கண்ணிகளுக்கு ஒருமுறை திரும்ப வருவதாகக் கொண்டால், 8-ஆல் வகுபடும் 112 கண்ணிகளைப் போடுவீர்கள். சுற்றளவு ஏறத்தாழ 51 செ.மீ. வரும். உங்கள் கை சற்றுத் தளர்ந்து, 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள்தான் விழுந்தன என்று வைத்துக்கொண்டால், அதே 112 கண்ணிகள் 56 செ.மீ. ஆகிவிடும், பல தலைகளில் அது கண்ணை மறைக்கும். இரண்டு கண்ணி வேறுபாடு துண்டில் அற்பமாகத் தெரிந்தாலும், சுற்று முழுவதற்கும் பெருகும்போது அது ஐந்து செ.மீ. ஆகிறது.

துண்டை 15 செ.மீ. சதுரமாகவாவது பின்னி, தொப்பியைத் துவைக்கப்போகும் முறையிலேயே துவைத்துக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் உள்ள 10 செ.மீ.யை மட்டும் அளந்துகொள்ளுங்கள். தொப்பியை வட்ட ஊசியில் பின்னப்போகிறீர்கள் என்றால் துண்டையும் வட்டமாகவே பின்ன வேண்டும். அடிப்படையான நிட் கண்ணிக்கும், திரும்பி வரும் வரிசைகளில் போடும் அதன் மறுபுறமான பர்ல் கண்ணிக்கும் பலருடைய கை இறுக்கம் வேறுபடுவதால், முன்னும் பின்னுமாகத் திரும்பிப் பின்னிய துண்டு சரியான அளவைச் சொல்லாது. இரு நிறங்களில் உருவம் கொண்டுவருவதானால், பின்பக்கம் ஓடும் நூல் ஐந்து கண்ணிகளுக்கு மேல் நீளாதபடி இடையில் சிக்கவைத்துக்கொண்டே செல்லுங்கள். நீண்ட நூல் ஓட்டம் கையுறையில் விரலை மாட்டவைக்கும். தொப்பியில் துணியைச் சுருக்கி, அளவையும் குறைக்கும்.

இத்தனை தொல்லையும் வேண்டாம் என்பவர்களுக்குச் சால்வை, கழுத்துச் சுற்றி, விரலில்லாக் கையுறை ஆகியவை இருக்கின்றன. காலுறையை மட்டும், பாத அளவு கைக்கு வராத வரை, தொடாதீர்கள்.

கேள்வி: பெறுபவர் துவைப்பதில் சோம்பல் உள்ளவர் என்று தம்மைப் பற்றியே எழுதியிருக்கிறார். அசல் கம்பளியில் பின்னலாமா?

பதில்: அப்படி வெளிப்படையாக எழுதியதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உள்ளன. ஈரம், சூடு, சோப்பு, உராய்வு ஆகியவை சேரும்போது அவை ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால் துணி சுருங்கித் தடித்துவிடுகிறது. அதை மீண்டும் விரிக்க வழி இல்லை. ‘சூப்பர்வாஷ்’ என்று குறிப்பிடப்படும் கம்பளியில் இந்தச் செதில்களை வேதிமுறையில் மழுக்கியோ மெல்லிய பிசினால் மூடியோ விடுவதால் அது இயந்திரத் துவைப்பைத் தாங்கும். ஆனால் நனைந்தால் சற்று நீளும் குணம் அதற்கு உண்டு. துவைத்த துண்டை அளக்கச் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அக்ரிலிக் நூலும் துவைப்பைத் தாங்கும். எனினும் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை இளகித் துவண்டு, பழைய நிலைக்குத் திரும்பாது. கம்பளி ஒவ்வாதவருக்குப் பருத்தியோ அக்ரிலிக்கோதான் வழி. ‘மென்மையான கம்பளி’ என்று சொல்லி அவரைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது.

அடர்ந்த சிவப்பு, நீலம் போன்ற நிறங்களை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், அதை வெளிர் நிறத்தோடு சேர்த்துப் பின்ன வேண்டாம். நூல் உறையில் உள்ள துவைப்புக் குறிப்பை வெட்டி எடுத்து, அதே நூலில் கொஞ்சம் சுற்றிப் பரிசோடு வைத்தால், பின்னாளில் ஓட்டை விழுந்தால் அடைக்கவும் உதவும்.

கேள்வி: இரும்பு வளையக் கவசத்தைப் பின்னலில் கொண்டுவர முடியும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். தடித்த நூலில் பின்னி உலோக வண்ணம் பூசிய கவசங்கள் நாடக மேடையிலும் திரைப்படங்களிலும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. அடர் சாம்பல் நிறப் பருத்தி நூலை 6 முதல் 8 மி.மீ. தடிமனுள்ள ஊசியில், எல்லா வரிசையும் நிட் கண்ணியாகப் பின்னினால், கிடைமட்ட மேடுகள் வளைய வரிசைகளைப் போலத் தெரியும். அதன் மேல் வெள்ளி நிற அக்ரிலிக்கைத் துணிக்கான கலவையோடு கலந்து, குறுவாளுக்குச் சொன்ன அதே உலர்ந்த தூரிகை முறையில் மேடுகளில் மட்டும் தேய்த்துவிட வேண்டும். சரிகை இழை கலந்த நூலில் பின்னினால் வேலை குறையும். ஆனால் அது விழாக்கால மினுக்காகத் தெரியுமே தவிரப் போர்க்களத்தை நினைவூட்டாது. பருத்தி தன் கனத்தால் கீழிறங்கும் இயல்புடையது. ஆதலால் ஒரு நாள் தொங்கவிட்டுப் பிறகு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வண்ணம் பூசிய பகுதி முரடாக இருக்கும் என்பதால் கழுத்தில் படும் இடத்தை வெறுமனே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: கற்பனைக் கதைகளில் வரும் பழங்கால வீரர்களுக்குப் பின்னல் உடை பொருந்துமா? அவர்கள் காலத்தில் பின்னல் இருந்ததா?

பதில்: கற்பனை உலகத்துக்கு அதன் ஆசிரியர் வைத்ததே சட்டம். ஆயினும் உங்கள் கேள்வி சுவையானது. இதற்கான விடை வடிவமைப்புக்கும் உதவும். இரண்டு ஊசிகளில் பின்னும் இன்றைய முறைக்கு முன்பே, ஒற்றை ஊசியால் நூலை முடிச்சுப் போல வளைத்து வளைத்துத் துணியாக்கும் நால்பைண்டிங் என்னும் முறை இருந்தது. எகிப்தில் கிடைத்த, பெருவிரலைத் தனியாகப் பிரித்த பழங்காலக் கம்பளிக் காலுறைகளும், இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டுக் காலுறையும் இந்த முறையில் செய்யப்பட்டவையே. பர்ல் கண்ணியை எடுத்துக்கொண்டால், 1562-இல் இறந்த ஃபுளோரன்ஸ் கோமகள் டொலேடோவின் எலியனோரா அணிந்திருந்த காலுறைகளில் அதைக் காண முடிகிறது. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே இன்றைய வடிவில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

எனவே வடநாட்டுக் கடல் வீரரின் சாயல் வேண்டுமென்றால், நால்பைண்டிங் கற்றுக்கொண்டு ஒரு சிறு தொப்பியோ கையுறையோ செய்யலாம். அதற்கு நேரம் இல்லாவிட்டால், சாயமிடாத சாம்பல், பழுப்புக் கம்பளியில் சற்றுப் பெரிதாகப் பின்னி, வெந்நீரில் கசக்கி, வேண்டுமென்றே சுருங்கவிடுங்கள். கண்ணிகள் மறைந்து தடித்த கம்பளமாகிவிட்ட துணியில், எந்த முறையில் செய்தீர்கள் என்பது எளிதில் தெரியாது. இதற்கு சூப்பர்வாஷ் கம்பளி உதவாது.

கேள்வி: திரைப்படத்தில் வரும் பொருளைப் பார்த்து அப்படியே செய்து அனுப்புவது உரிமைச் சிக்கலாகுமா?

பதில்: பதிப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பணம் கைமாறாமல் ஒரே ஒருவருக்குச் செய்து தரும் பரிசும், அதையே பல பிரதிகளாக்கி விற்பதும் நடைமுறையில் ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை. விற்பனைக்கு இறங்குவதற்கு முன்பு கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள். நம் துறையில் அடிக்கடி மீறப்படுவது வேறொன்று. விலை கொடுத்து வாங்கிய பின்னல் வடிவக் குறிப்பை நகலெடுத்துப் பரிசோடு சேர்த்து அனுப்புகிறார்கள். அது அந்த வடிவமைப்பாளரின் வருவாயைப் பறிப்பதாகும். வடிவத்தின் பெயரையும் அதை உருவாக்கியவர் பெயரையும் ஓர் அட்டையில் எழுதி வைத்தால் போதுமானது.

என்னைக் கேட்டால், அப்படியே நகலெடுப்பதை விட, அந்த உலகத்தில் இருந்திருக்கக்கூடிய, ஆனால் படத்தில் காட்டப்படாத ஒரு பொருளைச் செய்வதே சுவையானது. ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லாததால் குறை காணவும் ஆள் இருக்காது.

கேள்வி: மந்திரக் குப்பிகளை வண்ண நீரால் நிரப்பி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். கசியும் ஆபத்து ஒருபுறம் இருக்க, நீரில் மூலிகையையோ பூவிதழையோ போட்டு வைத்தால் சில வாரங்களில் பூஞ்சை படர்ந்துவிடும். உலர்ந்த மூலிகை, விதை, இறகு போன்றவற்றுக்குப் பல நாடுகள் எல்லையில் கட்டுப்பாடு வைத்திருப்பதால், வெளிநாட்டுக்குச் செல்லும் பெட்டியில் அவற்றைத் தவிர்ப்பதே முறை. கண்ணாடி மணிகள், மினுமினுக்கும் தூள், கம்பளி இழைத் துணுக்குகள் ஆகியவற்றாலேயே ‘டிராகன் மூச்சு’, ‘நிலாத் துகள்’ போன்ற குப்பிகளை அமைத்துவிடலாம்.

திரவத் தோற்றம் கட்டாயம் வேண்டுமென்றால், இரு பாகங்களைக் கலந்தால் கண்ணாடி போல இறுகும் எபாக்சி ரெசின் என்னும் பிசினை ஊற்றுங்கள். இரு பாகங்களையும் குறிப்பில் சொன்ன விகிதத்தில், எடையால் என்றால் எடையாலும் கொள்ளளவால் என்றால் கொள்ளளவாலும் பிசகின்றி அளக்க வேண்டும்; தவறினால் அது என்றுமே இறுகாமல் பிசுபிசுக்கும். இறுகும்போது சூடு பிறப்பதால், பெரிய குப்பியை ஒரே தடவையில் நிரப்பினால் ரெசினோ கண்ணாடியோ விரிசல் விடக்கூடும். ஆகவே அடுக்கடுக்காக ஊற்றுவது நல்லது. அடுக்குக்கு அடுக்கு நிறத்தைச் சற்றே மாற்றினால் புகை சுழல்வதைப் போன்ற தோற்றமும் கிடைக்கும். கையுறையும் காற்றோட்டமும் இன்றி ரெசினைத் தொடாதீர்கள். அதற்கு ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் பெரும்பாலும் விலகுவதில்லை.

பெயர்ச்சீட்டுகளுக்குக் காகிதத்தைத் தேயிலை நீரில் நனைத்துப் பழுப்பாக்கும் முறை நன்று. இங்க்ஜெட் அச்சு நீரில் கலைந்துவிடும். லேசர் அச்சு நிற்கும். கையால் எழுதுவதானால், காகிதம் நன்கு காய்ந்த பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெறுபவரின் இரண்டு வயதுக் குழந்தைக்கும் சேர்த்து ஒரு குட்டி டிராகன் பின்ன நினைக்கிறேன். பிளாஸ்டிக் கண் வைக்கலாமா?

பதில்: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, பிடிப்புத் தகடு உள்ள பொம்மைக் கண்கள்கூட ஏற்றவை அல்ல, பின்னலின் கண்ணி விரிந்தால் தகட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். கண்ணை நூலால் எம்பிராய்டரி செய்துவிடுங்கள். உள்ளே திணித்த பஞ்சு வெளியே தெரியாத அளவுக்கு, நூல் உறையில் சொன்னதை விடச் சிறிய ஊசியில் இறுக்கமாகப் பின்னுவதும், சிறகு, கொம்பு ஆகியவற்றைத் தனியாகச் செய்து தைக்காமல் உடலிலிருந்தே கண்ணி எடுத்து வளர்ப்பதும் பாதுகாப்பானவை.

கேள்வி: போன முறை நான் சால்வையும் மந்திரக்கோலும் அனுப்பினேன், எனக்கு வந்ததோ ஒரு புத்தகக் குறி. இனி எப்படி அளவறிந்து செய்வது?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. சேரும்போதே ஒரு பெரிய பொருளும் இரண்டு சிறு பொருள்களும் என்பதைப் போல அளவு வரையறுத்த பரிமாற்றங்களைத் தேர்ந்தெடுங்கள். ‘பெரியது’ என்பதை வேலை நேரத்தைக் கொண்டு விளக்கியிருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய நூலில் பின்னும் சால்வை 400 மீட்டர் நூலையும் பல வார மாலைகளையும் விழுங்கும். பின்னத் தெரியாதவருக்கு அது ஒரு துணியாகத்தான் தெரியும். பெட்டியே வராமல் போனவருக்கு வேறொருவர் முன்வந்து பரிசு செய்து அனுப்பும் ஏற்பாடு உள்ள குழுவாக இருந்தால், ஒருங்கிணைப்பாளர் பொறுப்பானவர் என்று நம்பிச் சேரலாம். குறைவாக வந்ததற்குப் பதிலாக அடுத்தவருக்குக் குறைத்து அனுப்புவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அவர் உங்களுக்கு எந்தக் கடனும் பட்டவர் அல்லர்.

கேள்வி: வண்ணம் பூசிய பொருளும் பின்னலும் ஒரே பெட்டியில் செல்கின்றன. எப்படிக் கட்டுவது?

பதில்: பின்னலையே பொதி பஞ்சாகப் பயன்படுத்தும் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள், பின்கள் குத்திய முட்டையும் கம்பளித் தொப்பியும் உராய்ந்தால் இரண்டும் கெடும். பின்னலைத் தனிப் பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடுங்கள். அக்ரிலிக் வண்ணமும் வார்னிஷும் தொட்டுப் பார்க்கும்போது காய்ந்தது போலத் தோன்றினாலும், முழுதாக இறுகப் பல நாள்கள் ஆகும். அதற்குள் பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால் அதன் குமிழ் அச்சு பூச்சின் மேல் பதிந்துவிடும். எனவே முதலில் பட்டர் பேப்பரைச் சுற்றி, அதன் மேல் பபிள் ராப்பைச் சுற்ற வேண்டும். குறுவாளை அதன் நீளத்துக்கு வெட்டிய கெட்டியான அட்டையில் இரண்டு இடங்களில் கட்டிவிட்டால் நுனி மடங்காது. பெட்டியை மூடிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் ஓசை கேட்கக் கூடாது.

வெளிநாட்டு அஞ்சலுக்கு சிஎன் 22 அல்லது சிஎன் 23 சுங்கப் படிவம் தேவைப்படும். அதில் ‘வாள்’ என்று மட்டும் எழுதாமல், ‘கையால் செய்த ஃபோம் அலங்காரப் பொருள்’, ‘பின்னல் தொப்பி’ என்று பொருளையும் அது செய்யப்பட்ட மூலப்பொருளையும் சேர்த்து எழுதுங்கள். ஒளிரும் முட்டைக்குள் லித்தியம் பேட்டரி இருந்தால் பல அஞ்சல் துறைகள் அதற்குத் தனி விதி வைத்திருக்கின்றன. ஆகவே பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு, எந்த வகை பேட்டரி போட வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி முட்டையோடு வைத்துவிடுங்கள்.